கர்லாக்கட்டை மேடைக்கு மட்டுமா?

சுவரை வைத்துத்தான் சித்திரம் வரைய வேண்டும் என்பது தமிழ்ப்பள்ளியில் நாம் மனனம் செய்த பழமொழிகளுள் ஒன்று. பொருள் எழுதினோம், சூழல் அமைத்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால், அந்தச் சுவரை எழுப்பும் வேலையை மட்டும் நம்மில் பலர் இன்னும் தொடங்கவில்லை. பட்டம், வேலை, வீடு, கார் என்று சித்திரத்தைப் பற்றியே பேசிக் கொண்டிருக்கிறோம். சுவரோ விரிசல் விட்டுக் கொண்டிருக்கிறது.

இது வெறும் மேடைப் பேச்சன்று. சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய உடல்நல ஆய்வின்படி, இந்நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே கணக்கிட்டால் அது 31.4 விழுக்காடு. அதாவது, பத்துப் பேரில் மூவர். இந்த எண்ணைப் படிக்கும்போதே உங்கள் வீட்டில் யார் யார் என்று மனம் எண்ணத் தொடங்கியிருக்கும். இனிப்புநீர் நம் வீடுகளில் நோயாக இல்லை. ஒரு சொந்தக்காரரைப் போல நிரந்தரமாகத் தங்கிவிட்டது. தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு வந்தது, நமக்கும் வரும் என்று நாற்காலி போட்டுக் காத்திருக்கிறோம்.

சர்க்கரைக்கும் தசைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நாம் உண்ணும் உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை உள்வாங்கிக் கொள்வது எலும்போடு ஒட்டிய தசைகள்தாம். தசை வேலை செய்யும்போது, இன்சுலின் போதாத நிலையிலும் சர்க்கரையை இழுத்துக் கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. தசை என்பது சர்க்கரைக்கான கிடங்கு. கிடங்கு சிறியதாகவும் பூட்டியே கிடப்பதாகவும் இருந்தால், சரக்கு சாலையில்தான் தேங்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், நடை, ஓட்டத்தோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்று சொல்லியிருப்பது இதனால்தான். நம்மவர்களோ 'நடந்தால் போதும்' என்ற பாதி அறிவுரையோடு நின்றுவிடுகிறோம். அந்தப் பாதியையும் எத்தனை பேர் செய்கிறோம் என்பது வேறு கேள்வி.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

"நான் தூக்காததையா நீ தூக்கப் போற?" என்பது என் அப்பா அடிக்கடி கேட்கும் கேள்வி. அவர் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். முற்றிய மரத்துக் குலை ஒன்று 20 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். நீண்ட கம்பத்தின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி மட்டையையும் குலையையும் அறுத்து, கீழே விழுந்ததைக் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். அவருக்கு முன், என் பாட்டி தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் ரப்பர்ப்பால் வாளியைத் தொங்கவிட்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவர். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு பெண் பிள்ளை காசு கொடுத்துப் பளு தூக்குவது வேடிக்கையாகத்தான் தோன்றும்.

ஆனால், அப்பாவின் கேள்விக்குப் பதில் உண்டு. உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. உழைப்பில் சுமையை முடிவு செய்பவர் முதலாளி, பயிற்சியில் நாம். உழைப்பில் முதுகு வலித்தாலும் அன்றைய குலையை அன்றே ஏற்ற வேண்டும்; பயிற்சியில் இன்று தூக்கினால் நாளை ஓய்வு. உழைப்பில் ஒரே பக்கம், ஒரே அசைவு, ஆண்டுக்கணக்கில். பயிற்சியில் தள்ளுவதற்கு ஈடாக இழுப்பதும், குனிவதற்கு ஈடாக நிமிர்வதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சிக்குப் பிறகு உடல் தன்னைப் பழுதுபார்த்துக் கொள்ளப் போதிய உணவும் உறக்கமும் வேண்டும். அவை நம் பாட்டன் பாட்டிகளுக்குக் கிடைத்தனவா? தோட்டம் அவர்களை வலுவாக்கியது உண்மை. அதே தோட்டம் ஐம்பது வயதில் முட்டியையும் இடுப்பையும் பறித்துக் கொண்டதும் உண்மை.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. ஜொகூரில் நம்மவர்கள் மாசாய்க்கும் பாசிர் கூடாங்கிற்கும் ஸ்கூடாய்க்கும் சினாய்க்கும் பெயர்ந்தார்கள். தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை, காவலர் கூண்டில் இரவு வேலை, லாரி ஓட்டும் வேலை, விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை என்று வாழ்க்கை மாறியது. சுமை போய்விட்டது, சோற்றின் அளவும் தே தாரிக்கின் இனிப்பும் மட்டும் தோட்டத்து அளவிலேயே நின்றுவிட்டன. நீரிழிவுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. மரபணுவுக்கும் பங்குண்டு, வறுமைக்கும் பங்குண்டு. ஆனால், நம் கையில் மாற்றக்கூடியதாக இருப்பது இதுதானே?

கட்டைக்குள் இருக்கும் கணக்கு

பளு என்றவுடன் பளபளக்கும் உடற்பயிற்சி நிலையமும் மாதச் சந்தாவும் நம் நினைவுக்கு வருகின்றன. நம்மிடமும் கருவிகள் இருந்தன, இருக்கின்றன. தண்டாலுக்கும் பஸ்கிக்கும் கருவியே தேவையில்லை. கர்லாக்கட்டைக்கு ஒரு நல்ல மரமும் கடைசல்காரர் ஒருவரும் போதும்.

நான் இயந்திரவியல் மாணவி என்பதால் ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன். ஆறு கிலோ டம்பெல்லைக் கையில் பிடித்தால், அதன் எடைமையம் உள்ளங்கைக்குள்ளேயே இருக்கும். மணிக்கட்டை அது பெரிதாக முறுக்காது. மூன்று கிலோ கர்லாக்கட்டையின் எடைமையம் பிடியிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக் கொள்வோம். அதைக் கிடையாக நீட்டிப் பிடித்தால், மணிக்கட்டில் ஏறத்தாழ 12 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை விழும். பாதி எடைதான், ஆனால் விரலும் முன்கையும் தோளும் விடாமல் வேலை செய்தாக வேண்டும். அதைத் தலைக்குப் பின்னால் சுழற்றும்போது தோள்மூட்டு தன் முழு வட்டத்திலும் இயங்குகிறது. நாள் முழுவதும் மடிக்கணினியின் முன் கூன் விழுந்து உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சியைத் தேடுவது கடினம்.

இதன் அருமையை அயலார் எப்போதோ கண்டுகொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையினர் இக்கட்டையைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார்கள். அங்கே அது 'இந்தியன் கிளப்' என்ற பெயரில் படைவீரர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பயிற்சிக் கருவியானது, அமெரிக்காவிலும் பரவியது. 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் சீருடற்பயிற்சிப் பிரிவில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே நடந்தது. ரஷ்யாவில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட இரும்புக்குண்டு இன்று கெட்டில்பெல் என்ற பெயரில் உலகெங்கும் விற்பனையாகிறது. சந்தைக் கடையின் எடைக்கல்லை அவர்கள் உடற்பயிற்சி நிலையத்திற்குக் கொண்டு வந்தார்கள். நாமோ உடற்பயிற்சிக் கட்டையைக் கலை இரவின் மேடைக்கு அனுப்பிவிட்டோம். ஆண்டுக்கு ஒருமுறை பறையிசை பின்னணியில் ஐந்து நிமிடம் சுழற்றுகிறோம், கைதட்டல் வாங்குகிறோம், பிறகு அடுத்த ஆண்டுவரை பண்டக அறையில் பூட்டி வைக்கிறோம்.

பெருமை வேண்டும், பொய் வேண்டாம்

இங்கே இன்னொரு பக்கத்தையும் பேசியாக வேண்டும். புலனக் குழுக்களில் வரும் செய்திகளைப் பார்த்தால், கர்லாக்கட்டை சுற்றினால் எல்லா நோயும் தீரும், உலகத்தில் தமிழனைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது என்பது போல எழுதுகிறார்கள். இரண்டும் உண்மையல்ல. பஞ்சாபில் இதைப் போன்ற கட்டையை ஜோரி என்கிறார்கள். ஈரானின் மரபுவழிப் பயிற்சிக் கூடங்களில் மீல் என்ற பெயரில் சுழற்றுகிறார்கள். அப்பயிற்சி மரபை யுனெஸ்கோ 2010ஆம் ஆண்டில் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு பொருள் நம்முடையதாகவும் இருப்பது போதாதா? நமக்கு மட்டுமே உரியதாக இருந்தால்தான் மதிப்போமா?

கட்டைக்கு எல்லையும் உண்டு. தோளுக்கும் முன்கைக்கும் அது சிறந்தது. தொடையையும் முதுகையும் பெரிதாக வளர்க்க ஐந்து கிலோ கட்டை போதாது. பஸ்கியும் தொடக்கத்தில் உதவும். நூறு பஸ்கி எளிதாக வந்துவிட்ட பிறகு வலிமை அங்கேயே நின்றுவிடும். உடல் பழகிய சுமைக்கு மேல் சிறிது சிறிதாகக் கூட்டினால்தான் தசை வளரும். பார்பெல்லின் சிறப்பு அதுதான். இரு பக்கமும் 1.25 கிலோ வட்டு ஒன்றைச் சேர்த்தால் 2.5 கிலோ மட்டும் கூடும். வலிமை படிப்படியாக ஏறும். தமிழகத்தில் வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 ஆகிய இரு காமன்வெல்த் போட்டிகளிலும் தங்கம் வென்றது பார்பெல் தூக்கித்தான். அதனால் அவர் தமிழர் இல்லாமல் போய்விடவில்லை.

இந்தப் படிப்படியான முறை நம் முன்னோருக்கும் தெரிந்தே இருந்தது. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் வெவ்வேறு எடையில் கற்கள் இருக்கின்றன. சிறிய கல்லைத் தூக்கிப் பழகியவர்தாம் பெரிய கல்லிடம் போக முடியும். அங்கே இப்போது பெண்களும் கல் தூக்குகிறார்கள். ஆகவே கட்டையா, பார்பெல்லா என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. இரண்டும் வேண்டும் என்பதே என் தீர்ப்பு.

நம் நாட்டிலும் வலிமைக்குப் பஞ்சமில்லை. 'ராஜா கிகி' என்று நாடறிந்த ராதாகிருஷ்ணன் வேலு, 2003ஆம் ஆண்டில் கோலாலம்பூர் இரயில் நிலையத்தில் 260.8 டன் எடையுள்ள இரயிலைப் பற்களால் கடித்து 4.2 மீட்டர் இழுத்து உலகச் சாதனை புரிந்தார். அன்று நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம். ஆனால், ஒருவர் இரயிலை இழுப்பதைப் பார்த்துக் கைதட்டும் சமுதாயத்தைவிட, ஒவ்வொருவரும் தம் வீட்டு எரிவாயுத் தோம்பைத் தாமே தூக்கி வைக்கும் சமுதாயம்தான் நலமான சமுதாயம்.

தங்கைகளுக்கு ஒரு சொல்

"கை தடித்துப் போகும், ஆம்பளை மாதிரி ஆயிடுவ" என்று நம் வீடுகளில் பெண் பிள்ளைகளை மிரட்டுவார்கள். ஆணுக்கு இருக்கும் அளவு டெஸ்டோஸ்டிரோன் பெண்ணுக்குச் சுரப்பதில்லை. ஆகவே அவ்வளவு எளிதில் தடிக்காது. தடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு கடினம் என்று சொல்வார்கள். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு விரைவாகத் தேயும். பளுவைத் தாங்கிய எலும்பு வலுப்படும். பால்வாளி சுமந்த பாட்டியை யாரும் ஆம்பளை என்று சொல்லவில்லை. கூலிக்குச் சுமந்தால் குணவதி, நலத்துக்குச் சுமந்தால் அடங்காதவளா?

என்ன செய்யலாம்?

முதலாவதாக, தமிழ்மொழிக் கழகங்கள் வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்கலாம். ஆண்டு விழா மேடை அலங்காரச் செலவில் ஒரு பகுதியை எடுத்தாலே பத்துக் கட்டைகள் கடைந்துவிடலாம். பக்கத்துத் தாமானில் இருக்கும் சிலம்ப ஆசான் ஒருவரை அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார். மொழிக் கழகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பள்ளியில் 'செகாக்' உடற்தகுதிச் சோதனையின்போது நாம் செய்ததற்கு நமக்குத் தெரிந்த பெயர் 'தெக்கான் தூபி'தான். தண்டால், பஸ்கி என்ற சொற்களைத் திரைப்படத்தில் கேட்டுத்தான் நம்மில் பலர் அறிந்தோம். உடல் செய்யாததை நாக்கு நெடுநாள் சொல்லாது. ஒரு சொல்லைக் காப்பாற்ற, அதைச் செய்து காட்டுவதைவிடச் சிறந்த வழி இல்லை.

இரண்டாவதாக, காசில்லை என்ற காரணத்தை விடுவோம். தண்ணீர் நிரப்பிய தோம்பு, பத்துக் கிலோ அரிசி மூட்டை, பட்டறையில் தூக்கி எறிந்த லாரி டயர், பையில் கட்டிய மணல் எல்லாமே பளுதான். புரதத்துக்கும் விலை உயர்ந்த மாவுப் பொட்டலம் தேவையில்லை. முட்டை, பருப்பு, மீன் ஆகியவற்றோடு மூவாரிலும் பத்து பஹாட்டிலும் ஜாவானிய வம்சாவளியினர் நமக்குத் தந்திருக்கும் தெம்பேயும் இருக்கிறது. 100 கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் உண்டு. மூன்று மாதத்தில் மார்பு விரிய ஊசி போடலாம் என்று யாராவது ஆசை காட்டினால், அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள். அந்த ஊசி இதயத்தையும் கெடுக்கும், ஆண்மையையும் கெடுக்கும்.

மூன்றாவதாக, கற்றதை வீட்டுக்குக் கொண்டு செல்வோம். விடுமுறையில் வீடு திரும்பும்போது, அம்மாவை நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரச் சொல்வோம். அதுவே பஸ்கியின் முதல் படி. ஏற்கெனவே இனிப்புநீருக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள், கிளினிக்கில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். பயிற்சியால் சர்க்கரை அளவு திடீரெனக் குறையக்கூடும். தொடங்கவே கூடாது என்று பெரும்பாலான மருத்துவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அன்பு மாணவ நண்பர்களே, முன்னாள் மாணவர்களே! நம் தாத்தா பாட்டிகள் பிறருடைய இலாபத்திற்காகச் சுமந்தார்கள். அதனால்தான் நாம் பேனா பிடித்தோம். நமக்காக நாமே விரும்பிச் சுமக்கும் வாய்ப்பு முதன்முதலாக நம் தலைமுறைக்குத்தான் பரவலாகக் கிடைத்திருக்கிறது. பத்துப் பேரில் மூவர் என்ற கணக்கை நம் பிள்ளைகள் காலத்திலாவது ஒருவராகக் குறைப்போம். பண்டக அறையின் சாவி கழகச் செயலாளரிடம்தான் இருக்கிறது. இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.