நண்பரின் ஆட்டத்துக்கு ஒரு கையொப்பம்

கொல்லிமலையில் வசிக்கும் நம் நண்பர் ஒருவர், எந்த ஸ்தாபனத்தின் உதவியும் இன்றிச் சில ஆண்டுகளாகத் தனித்து உழைத்து, விஞ்ஞானக் கற்பனையைக் களமாகக் கொண்ட மேசை விளையாட்டு ஒன்றைத் தமிழில் சிருஷ்டித்து முடித்திருக்கிறார். அதை அச்சிட்டுப் பெட்டியில் இட்டு வெளியிட அவர் முன்பணம் திரட்டி வரும் இவ்வேளையில், நண்பர் என்ற உரிமையோடு மட்டுமன்றி, தமிழில் இவ்வகை முயற்சிகள் மிக அரிது என்ற கவலையோடும் அதை வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவருவது நம் கடமை என்று கருதுகிறோம்.

இவ்வகை ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்திச் செல்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாம் இன்னது செய்யப் போவதாக வாய்விட்டுச் சொல்ல, அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. பரமபதத்தில் ஏணியும் பாம்பும் முன்னமே வரையப்பட்டவை. இதிலோ ஆடுவோர் பேசப் பேசத்தான் பாதை உண்டாகிறது.

இந்த விளையாட்டு வகை பிறந்த கதையே ஒரு நட்பின் கதை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், காப்பீட்டு நிறுவன வேலையை இழந்து, வீட்டின் கீழ்த்தளத்தில் காலணிகளைச் செப்பனிட்டுக் குடும்பத்தை நடத்திவந்த கேரி கைகாக்ஸ் என்பவர், டேவ் ஆர்னிசனோடு சேர்ந்து உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட ஆளில்லாமல் நின்றபோது, அவருடைய பால்ய சிநேகிதர் டான் கே தம் ஆயுள் காப்பீட்டின் பேரில் ஆயிரம் டாலர் கடன் பெற்று முதலீடாக வைத்தார். 1973-இல் இருவருமாக ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அத்தொகையும் போதாமல் பிரையன் ப்ளூம் என்ற இன்னொரு நண்பர் 2,000 டாலர் கொண்டுவந்து சேர்ந்த பிறகே, 1974-இன் தொடக்கத்தில் 1,000 பிரதிகள் அச்சாயின. அவற்றைப் பெட்டியில் அடுக்கும் வேலை கைகாக்ஸின் வீட்டிலேயே நடந்தது. பிரதிகள் ஓராண்டுக்குள் விற்றுப்போயின. ஆனால் முதலில் கை கொடுத்த டான் கே 1975 ஜனவரியில், நாற்பது வயதைக்கூட எட்டாமல், மாரடைப்பால் காலமானார். தாம் நம்பிப் பணம் வைத்த ஆட்டம் உலகெங்கும் பரவியதை அவர் பார்க்கவில்லை.

விஞ்ஞானக் கற்பனையும் விரைவிலேயே இந்த மேசைக்கு வந்துவிட்டது. 1976-இல் வெளிவந்த ஜேம்ஸ் வார்டின் 'மெட்டமார்ஃபோசிஸ் ஆல்ஃபா'வில், பல தலைமுறைகளாக விண்கலத்துக்குள்ளேயே பிறந்து வாழும் மக்கள், தாம் இருப்பது கலம் என்பதையே மறந்துபோயிருக்கிறார்கள். அடுத்த ஆண்டில் மார்க் மில்லரின் 'டிராவலர்' மூன்று சிறிய கறுப்புப் புத்தகங்களாக ஒரு பெட்டியில் வந்தது. அதில் பாத்திரத்தை உருவாக்கும்போதே, அதன் பழைய ராணுவ வாழ்க்கையைப் பகடை உருட்டிக் கணிக்கையில், ஆட்டம் தொடங்குமுன்பே அப்பாத்திரம் மாண்டுபோகவும் கூடும். கேட்க விபரீதமாகத் தோன்றினாலும், உயிருக்கு ஒரு மதிப்பை ஏற்படுத்திய விதி அது என்பது நம் அபிப்பிராயம்.

நம் நண்பர் இவற்றையெல்லாம் சிரத்தையோடு கற்றவர். ஆயினும் அவருடைய ஆட்டம் இவற்றின் நகல் அன்று. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் புகழப்படும் கொல்லிப்பாவையை, காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் வந்தாலும் உருக்குலையாமல் நிற்பதாகப் பழம்புலவர் கண்ட அந்த உருவத்தை, பகைவரைக் கண்டு நகைத்தே கொல்லும் என்று பிற்கால வழக்கு சொல்லும் அந்தக் காவல் தெய்வத்தை, அவர் ஒரு புராதன யந்திரமாக்கி, இம்மலையிலிருந்து விண்ணுக்குக் குடிபெயர்ந்தவர்களின் சந்ததியார் வாழும் ஒரு சுழலும் ஊரின் வாசலில் நிறுத்தியிருக்கிறார். யார் பகைவர், யார் தன்னவர் என்ற பேதம் அதற்கு மங்கிவிட்டது. ஆடுவோர் அதனோடு பேசித்தான் உள்ளே போகவும் வெளியே வரவும் வேண்டும்.

பகடையாக அவர் எடுத்துக்கொண்டது நம் பித்தளைத் தாயக்கட்டைகளையே. இரண்டு கட்டைகளையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றில் மூன்று விழ நான்கு வழி, தாயம் விழ இரண்டு வழி, இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு ஆவதற்கோ ஒரே வழி. அந்தப் பன்னிரண்டு விழும்போதுதான் பாவை நகைக்கிறது. வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடி வளர்ந்த எவருக்கும் இந்தக் கணக்கு கையிலேயே இருக்கிறது என்பதால், புத்தகத்தைத் திறக்காமலே அபாயத்தின் அளவை அவர் உணர்ந்துவிடுகிறார்.

இம்மலைமேல் உள்ள செம்மேட்டில், மழை பிடித்துக்கொண்டு மின்சாரமும் நின்றுபோன ஒரு மாலையில், நண்பர் வீட்டில் அந்த ஆட்டம் நடந்தபோது நாமும் உடனிருந்தோம். ஆடியவர்களில் ஒருவர், ஆயுள் முழுதும் சாமை விதைத்து அறுத்த ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண்மணி. பேத்திக்குத் துணையாக வந்தவர் தாமும் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டார். அந்தச் சுழலும் ஊரின் தானிய இருப்பை நண்பர் ஒரே எண்ணாகக் குறித்து வைத்திருந்ததைக் கேட்டதும் அவர் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "ஏந்தம்பி, வெதச் சாமையையும் திங்கற சாமையையும் ஒரே குதிர்லயா கொட்டி வெப்பாங்க?" என்று கேட்டார். நண்பர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பென்சிலை எடுத்து அந்த எண்ணை அடித்துவிட்டு, விதை என்றும் உணவு என்றும் இரண்டாகப் பிரித்து எழுதினார்.

அந்த ஒரு திருத்தத்தால் ஆட்டமே வேறாகிவிட்டது. உணவுக் குதிர் காலியானபோது, விதையைத் தின்று இன்றைக்குப் பிழைப்பதா, பசியோடு அடுத்த விளைச்சலுக்குக் காத்திருப்பதா என்ற கேள்வி மேசைமேல் வந்து நின்றது. அதுவரை பாவையை எப்படி வெல்வது என்றே வாதித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினார்கள். மரவள்ளி பரவிப் பரவிச் சாமையும் தினையும் சுருங்கிப்போன மலை இது; எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே விதை வங்கிகளை அமைத்து அச்சிறுதானியங்களைக் காக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறது. ஆகவே அந்தக் கேள்வி எவருக்கும் வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை.

இதனால்தான், இத்தகைய முயற்சிக்கு ஆதரவு என்பது விலை கொடுத்து வாங்குவதோடு நின்றுவிடக் கூடாது என்கிறோம். கவிதைத் தொகுதி ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்தாலும் அது கவிதையாகவே இருக்கும். என்றாவது ஒருநாள் அதைப் படித்துக்கொள்ளலாம். ஆடப்படாத ஆட்டமோ விதிகளின் பட்டியலேயன்றி வேறில்லை. நாலு பேர் ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்தால்தான் அது உண்டாகிறது.

நம் பதிப்புலகில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. சீவக சிந்தாமணியை அச்சிடப் பொருளின்றி உ. வே. சாமிநாதையர் கையொப்பம் திரட்டி, பலரிடமும் முன்கூட்டியே பணம் பெற்று, 1887-இல் அந்நூலைக் கொண்டுவந்தார் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் அதற்கும் முன்பு, 1880-இல், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அந்நூலின் பக்கம் ஐயரைத் திருப்பியதோடு நில்லாமல், அவருடன் உட்கார்ந்து அதைப் படிக்கவும் செய்தார். ஐயர் பெற்ற கையொப்பங்கள் அத்தனைக்கும் முந்திய ஆதரவு அதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

நண்பர் என்பதால் இலவசப் பிரதி கேட்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. சிற்றிதழ் நடத்துகிற ஒவ்வொருவரும் அதன் சுமையை அறிவார்கள். நட்பு அதிகமாக இருக்கும் இடத்தில்தான் முழு விலையும் முதலில் வர வேண்டும். அதுபோலவே, குறை சொல்லாமல் புகழ்வதும் நட்பாகாது. விண்கலப் போருக்கான விதிகள் மிக நீண்டுவிட்டன, அவற்றில் பாதியைத் தள்ளிவிடலாம் என்று நண்பரிடமே சொல்லியிருக்கிறோம்; அவர் இன்னும் இணங்கவில்லை. அதில் அவர் பக்கமே நியாயம் இருக்கவும் கூடும். பல மேசைகளில் ஆடிப் பார்த்தால்தான் அது தெளியும்.

முன்பணம் அனுப்ப விரும்புவோர் நம் இதழின் முகவரிக்கு எழுதினால் நண்பரோடு தொடர்பு ஏற்படுத்தித் தருகிறோம். நாமக்கல், இராசிபுரம், சேந்தமங்கலம் பகுதிகளில் நால்வர் சேர்ந்து ஆடிப் பார்க்க முன்வந்தால், கையெழுத்துப் பிரதியும் ஒரு ஜோடி தாயக்கட்டையும் இரவலாகக் கிடைக்கும். ஆடியவர்கள் எந்த விதியில் தடுக்கி நின்றார்கள், எந்த இடத்தில் சலிப்படைந்தார்கள் என்பதை மறைக்காமல் எழுதியனுப்ப வேண்டுகிறோம். அடுத்த இதழில் அதற்கெனப் பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.