நடுவில் நிற்கும் வீடு

மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மூத்த அங்கத்தவர் ஒருவர் பத்திரிகைத் துண்டொன்றை என்னிடம் நீட்டினார். "எங்கட மாவட்டத்தில ஒரு குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு வருமானமாம். அந்தக் குடும்பம் எங்க இருக்குது பிள்ளை?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எந்த மாவட்டம் முன்னேறிவிட்டது, எதற்கு இனி உதவி வேண்டாம் என்ற பேச்சுகளெல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆகவே நாமும் அதைப் படிக்கப் பழகவேண்டும்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்ப வருமான, செலவு அளவீட்டை நடத்துகிறது. நாடு முழுவதிலும் ஏறத்தாழ 25,000 வீடுகளைத் தெரிவுசெய்து, 12 மாதங்களுக்குப் பகிர்ந்து விசாரிக்கிறார்கள். அறுவடை மாதத்தில் மட்டும் கேட்டால் விவசாயி பணக்காரராகத் தெரிவார் அல்லவா?

இனிக் கணக்குக்கு வருவோம். ஓர் ஒழுங்கையில் ஐந்து வீடுகள். மாத வருமானம் 20,000, 30,000, 40,000, 60,000 ரூபா. ஐந்தாவது வீட்டுக்காரர் மொத்த வியாபாரி, 350,000 ரூபா. கூட்டி ஐந்தால் பிரித்தால் சராசரி ஒரு இலட்சம். நான்கு வீடுகளில் ஒன்றுகூட அதை எட்டவில்லை. வருமானப்படி வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்கும் வீட்டைப் பார்த்தால் 40,000. பாடசாலையில் பிள்ளைகள் 'இடையம்' என்று படிப்பது இதைத்தான். 2019 அளவீட்டில் நாடளாவிய சராசரி 76,414 ரூபா, இடையம் 53,333 ரூபா. எங்கள் அம்மாவின் துண்டில் இருந்தது சராசரி. அந்தக் குடும்பத்தை அவர் காணாததில் வியப்பில்லை.

காலப்போக்கில் ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். 2016இல் இடையம் 43,511 ரூபா. மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ பத்தாயிரம் கூடியது. ஆனால் அந்தப் பத்தாயிரத்தில் விலைவாசி விழுங்கியது எவ்வளவு என்று கழித்துப் பார்க்காமல் வாழ்க்கை உயர்ந்தது எனச் சொல்லமுடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைகள் ஓராண்டுக்கு முந்தியதைவிட ஏறக்குறைய 70 சதவீதம் கூடியிருந்தன. முதல் ஆண்டு 50,000 ரூபாவுக்கு வாங்கிய சாமான்களுக்கு மறு ஆண்டு 85,000 வேண்டும். சம்பளம் 60,000 ஆகியிருந்தால் தாளில் அது உயர்வு, அடுப்படியில் இறக்கம்.

எங்கள் பக்கத்தவர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. 2002 அளவீட்டில் வடக்கும் கிழக்கும் இல்லை. 2006/07இல் வட மாகாணமும் திருகோணமலையும் இல்லை. 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு விடுபட்டன. 25 மாவட்டங்களும் சேர்ந்தது 2012/13இல்தான். ஆகவே பழைய ஆண்டுகளுக்கு 'இலங்கை' என்று எழுதியிருப்பது முழு இலங்கையல்ல. முல்லைத்தீவின் கோடு தொடங்குவதே சனங்கள் திரும்பிவந்து கூரை போட்டுக்கொண்டிருந்த காலத்தில். அங்கிருந்து அளந்தால் எந்த ஏற்றமும் பெரிதாகத்தான் தெரியும். போருக்கு முன் என்ன இருந்தது, எவ்வளவு போனது என்பதை அந்தக் கோடு சொல்லாது.

சிறிய மாவட்டங்களில் விசாரிக்கப்படும் வீடுகளும் குறைவு. தெரிவான வீடுகள் மாறினாலே எண் ஏறி இறங்கும். பிரதேச செயலகப் பிரிவு வரை இறங்கினால் அளவீடு மட்டும் போதாது. குடித்தொகை மதிப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறது, ஆனால் வருமானம் கேட்பதில்லை. எனவே சுவர், கல்வி, அங்கத்தவர் தொகை போன்றவற்றுக்கும் குடும்பச் செலவுக்கும் உள்ள தொடர்பை அளவீட்டில் கண்டு, அதை 2012 குடித்தொகை மதிப்பில் பொருத்தி, பிரிவு வாரியாக வறுமை வரைபடம் தயாரித்தார்கள். கெட்டித்தனமான வேலைதான். ஆயினும் அது மதிப்பீடு. உங்கள் ஊரில் யாரும் வந்து எண்ணியதல்ல.

வருமானம் என்று எதைச் சேர்க்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். காசு மட்டுமல்ல, வீட்டுத் தோட்டத்து மரக்கறியும் பெறுமதி போட்டுச் சேர்க்கப்படும். சொந்த வீட்டில் இருந்தால், அதை வாடகைக்குக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு அதையும் சேர்ப்பார்கள். தனித்து வாழும் விதவை கண்ணால் காணாத வாடகை அவருடைய வருமானமாகிவிடுகிறது. அதே பெண் நாள்முழுதும் சமைத்து, தண்ணீர் அள்ளி, நோயாளியைப் பார்ப்பதற்கு அந்தப் பத்திரத்தில் ஒரு நிரலும் இல்லை. இது எனக்கு உடன்பாடில்லாத இடம்.

"அப்ப எங்கட வீட்டுக்கு வந்தால் ஒண்டும் இல்லை எண்டு சொன்னால் நிவாரணம் கூடக் கிடைக்குமோ?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார். நிவாரணப் பட்டியலுக்கும் இந்த அளவீட்டுக்கும் தொடர்பில்லை என்றும், வீட்டு விபரங்களை இரகசியமாக வைத்திருக்கத் திணைக்களத்தைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்றும் சொன்னேன்.

"முட்டை வித்த காசையும் சொல்லவேணுமோ?"

"ஓம் அம்மா. முட்டைக் காசையும் சொல்லுங்கோ, கோழித்தீன் வாங்கின காசையும் மறக்காமல் சொல்லுங்கோ."