அத்தையும் எதிர்ப்பொருளும்

போன ஐப்பசியில் சிவகிரிக்குப் போயிருந்தேன். மேற்கே மலை கறுத்து, இடி உருண்டுகொண்டிருந்தது. அத்தை திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனம் மழையில் இல்லை. மார்பில் ஒரு கட்டி. மறுநாள் மதுரைக்குப் போய் 'பெட் ஸ்கேன்' எடுக்கவேண்டும்.

காலேஜில் பௌதிகம் படிக்கும் பேத்திக்குத் தன் சாமர்த்தியத்தைக் காட்ட அந்த நேரம்தானா கிடைக்கவேண்டும்? "ஆச்சி, நாளைக்கு உனக்கு எதிர்ப்பொருள் ஊசி! பொருளும் எதிர்ப்பொருளும் தொட்டுக்கிட்டா ரெண்டுமே அழிஞ்சு போயிரும்" என்றாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். "ஏய்யா, இவ என்னமோ சொல்லுதாளே. நான் முழுசா வீடு வந்து சேருவேனா?"

பேத்தி சொன்னது பாதி உண்மை. பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட அதிகமாய்ப் பயமுறுத்தும்!

கண்ணாடியில் பார்த்தால் இடப்பக்க மூக்குத்தி வலப்பக்கம் தெரிகிறதல்லவா? முகம் அதேதான், பக்கம்தான் மாற்றம். நம் உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் உள்ள எலெக்ட்ரானுக்கு அப்படி ஒரு ஜோடி உண்டு. எடை அதேதான்; மின்னேற்றம் மட்டும் நேர்மாறு. அப்படி ஒன்று இருக்கவேண்டும் என்பது 1928-ல் டிராக் எழுதிய கணக்கிலிருந்து வந்தது. 1932-ல் அமெரிக்காவில் ஆண்டர்சன் அதன் தடத்தையே படம் பிடித்துவிட்டார். அதுதான் பாசிட்ரான்.

ஊசியில் இருப்பது சர்க்கரை மாதிரி ஒரு மருந்து. அதில் கதிரியக்க ஃப்ளோரினைச் சேர்த்திருப்பார்கள். புற்று இருந்தால், அந்த இடம் பெரும்பாலும் சர்க்கரையை ஆவலோடு இழுத்துக்கொள்ளும். அங்கே ஃப்ளோரின் பாசிட்ரானை உமிழும். அது பக்கத்து எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர் திசையில் பாயும். சுற்றியுள்ள வளையம் அவற்றைப் பிடித்து, புறப்பட்ட இடத்தைக் காட்டிவிடும். கோடி கோடியாய் எலெக்ட்ரான்கள் மறைந்தாலும், அத்தனையும் சேர்ந்து ஒரு தூசியின் எடைக்கு வராது. 110 நிமிஷத்துக்கு ஒரு முறை மருந்தின் வீரியம் பாதியாகும். அன்றைக்கு மட்டும் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

அப்போது ஓர் இடி. "அத்தை, இப்போதே எதிர்ப்பொருள் உன் உள்ளங்கை வழியாய்ப் போய்க்கொண்டிருக்கிறது" என்றேன். வானத்திலிருந்து மியூவான் என்ற துகள்கள் விநாடிக்கு ஒன்று வீதம் கையைத் துளைத்துப் போகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் எதிர்ப்பொருள் இனம். அவற்றின் ஜோடி நம் உடம்பில் இல்லாததால் அழிவும் இல்லை. ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 ஆராய்ச்சிக் கூடத்தார், 2014 டிசம்பர் 1-ஆம் தேதி ஓர் இடிமேகத்தின் அடியில் இந்த மியூவான்கள் சுமார் 2 சதவீதம் குறைந்ததைக் கொண்டே, மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டு, 2019-ல் வெளியிட்டார்கள்.

அத்தை உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அது கெடக்கட்டும். காலையில காப்பி குடிச்சுட்டுப் போகலாமா?"

"கூடாது அத்தை. ரத்தத்தில் வேறு சர்க்கரை ஏறிவிட்டால் மருந்து போய்ச் சேராது. வெறும் தண்ணீர்தான்."

அதற்குத்தான் அத்தையின் முகம் நிஜமாக வாடியது.