முழங்கை வலிக்கு ஊசி எதற்கு?

முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் இரண்டு யோசனை உடனே வரும். கையை அசைக்காமல் வை. அதிலும் போகவில்லை என்றால் ஒரு ஊசி போட்டுக்கொள், மறுநாளே சரியாகிவிடும். அண்டை வீட்டாரும் மருந்துக்கடைக்காரரும் இப்படிச் சொன்னால் பரவாயில்லை. மருத்துவர்களில் பலரும் இதையே சீட்டில் எழுதித் தருகிறார்கள். அந்த ஊசியால் மாதக்கணக்கில் வலியை இழுத்துச் சுமப்பவர்கள் நம்மிடையே ஏராளம். இந்த நம்பிக்கையை இனியும் சும்மா விட்டுவைக்கக் கூடாது.

கால்ஃப் எல்போ என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த வலிக்கு ஆளாகிறவர்களில் பெரும்பாலோர் கால்ஃப் மட்டையைத் தொட்டே இருக்க மாட்டார்கள். மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கும் தசைகளும், உள்ளங்கையைத் தரை பார்த்துத் திருப்பும் தசையும் முழங்கையின் உட்புற எலும்புப் புடைப்பில் ஒரே தசைநாணாகச் சேர்கின்றன. எதையாவது இறுகப் பிடித்து, மணிக்கட்டை மடக்கித் திருப்பும் வேலை எல்லாமே அந்த இடத்தை இழுக்கும். சுத்தியல் பிடிக்கும் தச்சர், ஸ்பேனர் திருகும் பிளம்பர், நாள் முழுக்க மாவு பிசையும் பரோட்டா மாஸ்டர், பந்தை வீசுகிறவர், பாறை ஏறுகிறவர் எல்லோருக்கும் இது வரலாம். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உடல் பருமனும் சேர்ந்தால் ஆபத்து கூடும்.

ஊசியின் மீதான நம்பிக்கை ஒரு பழைய ஊகத்தின் மேல் நிற்கிறது. அங்கே அழற்சி இருக்கிறது, ஊசியில் உள்ள ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும், ஆகவே நோய் தீரும் என்பதே அந்த ஊகம். ஆனால் 1979-லேயே அமெரிக்க எலும்பு மருத்துவர் ராபர்ட் நிர்ஷல், முழங்கை அறுவையில் வெட்டியெடுத்த தசைநாண் திசுவை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் வேறொன்றைக் காட்டினார். அழற்சிக்கே உரிய செல்கள் அங்கே அரிதாகவே இருந்தன. இழைகள் வரிசை குலைந்து, ஒழுங்கற்ற புது ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தன. அதாவது, தாங்க முடியாத பாரத்தால் நைந்துபோய், சரியாகப் பழுது பார்க்கப்படாத தசைநாண். அழற்சியை அடக்கும் மருந்துக்கு அங்கே செய்வதற்கு அதிகம் இல்லை.

‘ஊசி போட்டதும் வலி போனது உண்மைதானே’ என்று கேட்பார்கள். உண்மைதான். இதே வகைப் பாதிப்பு முழங்கையின் வெளிப்பக்கத்தில் வருவதுதான் டென்னிஸ் எல்போ; அதை வைத்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், ஆறாவது வாரத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஆனால் அப்படித் தேறியவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி திரும்பி வந்தது. 2013-ல் வெளியான அடுத்த ஆய்வு 165 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு ஸ்டீராய்டும் மறு பாதிக்கு வெறும் உப்புநீரும் செலுத்தியது. ஓராண்டுக்குள் வலி திரும்பியவர்கள் ஸ்டீராய்டு தரப்பில் 54 சதவீதம், உப்புநீர் தரப்பில் 12 சதவீதம். மருந்து வாங்கியவர்கள் வாங்காதவர்களைவிட மோசமான நிலைக்குப் போனார்கள். உட்பக்க வலிக்கென்றே 1997-ல் வெளியான ஓர் ஆய்விலும், ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களுக்குத் தெரிந்த கூடுதல் நிம்மதி, மூன்று மாதத்தில் மற்றவர்களோடு வித்தியாசம் இல்லாமல் மறைந்துவிட்டது.

நம்பிக்கை சாகாமல் இருக்கும் காரணம் இந்த ஆறு வாரங்களில்தான் இருக்கிறது. வலி போனதை நோயாளி கண்ணாரக் காண்கிறார், ஊரெல்லாம் சொல்கிறார். மூன்றாம் மாதம் வலி திரும்பும்போது அது புது வலி என்றோ, வேலையின் குற்றம் என்றோ நினைத்துக்கொண்டு இரண்டாவது ஊசிக்குப் போகிறார். முதல் ஊசி கணக்கில் வருவதே இல்லை. வலி அடங்கிய அந்த நாட்களில், நைந்த தசைநாண் மீது பழைய பாரத்தையே ஏற்றியிருப்பார் என்பதையும் யாரும் சொல்வதில்லை. ஊசி விழுந்த இடத்தில் தோல் வெளுத்து, அடியிலுள்ள கொழுப்பு கரைந்து குழி விழலாம். சர்க்கரை நோயாளிக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு அந்த உட்புற எலும்புப் புடைப்பின் பின்னால்தான் ஓடுகிறது; ஊசி தவறினால் அதில் படலாம்.

சரி, ஓய்வு? தினக்கூலிக்குப் போகிற ஒருவரிடம் ஒரு மாதம் கையைத் தொங்கப்போடு என்று சொல்வது அவர் அடுப்பை அணைப்பதற்குச் சமம். அவர் அதைக் கேட்க மாட்டார், கேட்டாலும் பலனில்லை. தசைநாண் பாரத்தைக் கண்டுதான் தன்னைக் கட்டிக்கொள்கிறது. பாரமே இல்லையென்றால் இன்னும் பலவீனமாகிறது. ஒரு மாதம் கட்டிப்போட்ட கை, வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே வலிப்பது அதனால்தான். மேலே சொன்ன 2006 ஆய்வில் சிகிச்சையின்றிக் காத்திருந்தவர்களும் ஓராண்டில் பெரும்பாலும் தேறினார்கள். ஆனால் அவர்கள் கையைக் கட்டிவைத்துக் காத்திருக்கவில்லை, வலி கூடாத அளவுக்கு வேலையை மாற்றிக்கொண்டு புழங்கினார்கள். பயிற்சி செய்தவர்கள் அந்த இடத்துக்கு முன்னதாகவே வந்து சேர்ந்தார்கள்.

பயிற்சி என்றால் பெரிய செலவில்லை. முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க, உள்ளங்கை மேலே பார்க்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றொரு கையால் மேலே தூக்கிவிட்டு, நான்கு எண்ணும் நேரத்தில் மெதுவாக இறக்குங்கள். பதினைந்து முறை, மூன்று சுற்று. வலி மிகுந்த நாட்களில் இறக்காமல், பாட்டிலை அசையாமல் முப்பது நொடி தாங்கிப் பிடித்தாலே போதும். செய்யும்போது லேசான வலி இருக்கலாம், மறுநாள் காலையில் கூடியிருக்கக் கூடாது; கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். எளிதானால் கூட்டுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. இரண்டாம் வாரமே பலனில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் மறுபடி ஊசிக்குப் போகிறார்கள்.

வராமல் தடுப்பதும் பாரத்தைக் கையாளும் விஷயமே. மாதக்கணக்கில் சும்மா இருந்த கையை ஒரே நாளில் முழு வேலையில் இறக்காதீர்கள். மெல்லிய பிடியுள்ள கருவிக்குத் துணியோ ரப்பரோ சுற்றிப் பருமனாக்குங்கள், மழுங்கிய ரம்பத்தைத் தீட்டுங்கள். இரண்டும் பிடிக்கும் பலத்தைக் குறைக்கும். பட்டறை வைத்திருப்பவர்கள், ஒரே ஆளை நாள் முழுக்க ஒரே திருகலில் நிறுத்தாமல் வேலையை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இது அவர்கள் செய்யும் தயவு அல்ல, கடமை.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், முழங்கையில் ‘பட்’ என்று தெறித்து வீங்கிக் கன்றினால், காய்ச்சலோடு மூட்டு சிவந்தால் இந்தப் பயிற்சியெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். மற்றபடி, வலிக்கிறது என்றதும் ஊசியை எடுக்கும் மருத்துவரிடம் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: ‘டாக்டர், ஆறு வாரம் கழித்து என்ன ஆகும்?’ பதில் சொல்லாமல் ஊசி போட அவருக்கு உரிமை கிடையாது.