மனநல மாத்திரை மாசாமாசம் வருது... சர்க்கரை, பிரஷர் யார் பார்க்கிறது?

சேலம்:
தறிக்கு ஒருநாள் லீவு சொல்லிட்டு, பஸ் ஏறி வந்து, மகனுக்கு மனநல மாத்திரை வாங்கிட்டுப் போற அம்மாக்கள் சேலம், நாமக்கல் பக்கம் நிறைய பேர். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டினால் மாத்திரை இலவசம். ஆனால் பல சமயம் மகன் வருவதில்லை. மாத்திரை வீடு போய்ச் சேருது. மகனோட எடையையும் ரத்தத்தையும் யாரும் பார்ப்பதில்லை. சிக்கலே இங்கதான்.

எடை ஏறுவது ஏன்?

மனச்சிதைவு நோய்க்குத் தரும் ஒலான்சபின், குளோசபின் போன்ற மாத்திரைகள் காதில் குரல் கேட்பது, வீண் சந்தேகம் ஆகியவற்றை அடக்கும். கூடவே பசியைக் கிளப்பும். சில மாசத்திலேயே எடை ஏறலாம். சர்க்கரையும் கொழுப்பும் கூடலாம். 25 வயசுப் பையனுக்கும் சர்க்கரை நோய் வரலாம்.

கடும் மனநோய் உள்ளவங்க மத்தவங்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னாடியே இறந்துபோறாங்க என்கிறது உலக சுகாதார அமைப்பு. தற்கொலைதான் காரணம்னு பலர் நினைப்பாங்க. ஆனால் பெரும்பாலான உயிர்களைப் பறிப்பது மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய் மாதிரி உடம்பு வியாதிகள்தான்.

நெஞ்சு அடைக்குதுன்னு அவர் சொன்னாலும், 'அது அந்த வியாதி பண்ற வேலை'ன்னு தள்ளிவிடுறாங்க. சொம்பு சொம்பாத் தண்ணி குடிச்சாலும், ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போனாலும் அதே பதில்தான்!

எப்போ, என்ன பார்க்கணும்?

அமெரிக்க சர்க்கரை நோய், மனநல டாக்டர் சங்கங்கள் 2004-ல் ஒரு கணக்கு வகுத்தன. மாத்திரை ஆரம்பிக்கும்போதே எடை, இடுப்பு அளவு, பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு பார்க்கணும். பிறகு 4, 8, 12-வது வாரங்களில் எடை. 12-வது வாரம் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு. அப்புறம் 3 மாசத்துக்கு ஒருமுறை எடை, வருஷம் ஒருமுறை பிரஷர், சர்க்கரை.

60 கிலோ இருந்தவர் 63 கிலோ ஆனாலே டாக்டரிடம் சொல்லணும். வேற மாத்திரைக்கு மாத்தவோ, எடையைக் குறைக்க மருந்து சேர்க்கவோ வழி இருக்கு. குளோசபின் சாப்பிடுறவங்களுக்கு முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளை அணு பரிசோதனை வழக்கம். காய்ச்சல், தொண்டைவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

மாத்திரையை நிறுத்தாதீங்க

இதைப் படிச்சிட்டு பயந்துபோய் நீங்களா மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். அது இதைவிட ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் எதையும் செய்யக்கூடாது.

மனநோயாளியை உடல் நோயாளிக்குச் சமமா நடத்தணும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். 2018 மே 29 முதல் அது அமலில் இருக்கு. 2021 ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. அம்மாவுக்குப் பிரஷர் பார்க்க வாசலுக்கு வரும் ஊழியர், உள்ளே இருக்கும் மகனுக்கும் பார்த்தால் என்ன? புது ஆஸ்பத்திரி கட்ட வேண்டியதில்லை. எடை மெஷினும் ஒரு சொட்டு ரத்தமும் போதும்.

அதுவரை குடும்பம்தான் கேட்கணும். அடுத்த முறை சீட்டோடு மகனையும் கூட்டிட்டுப் போங்க. "சார், எடையும் சர்க்கரையும் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்க. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச போன் நம்பரும் இருக்கு.