விண்ணப்பப் படிவத்தின் விலை

ஆபிரிக்க நாடொன்றில் தேர்தல் என்றதும் மேற்குலகிலிருந்து கண்காணிப்பாளர்கள் விமானம் ஏறிவிடுகிறார்கள். வாக்குப்பெட்டி பூட்டியிருந்ததா, விரலில் மை இருந்ததா என்றெல்லாம் பார்க்கிறார்கள். வாக்குச்சீட்டில் யாருடைய பெயர் வரலாம் என்பது பல மாதங்களுக்கு முன்னரே கட்சிக்குள் முடிவாகிவிடுகிறதே, அதற்கு யார் காவல்?

நைஜீரியாவை எடுத்துக்கொள்வோம். அதன் 1999ஆம் ஆண்டு அரசியலமைப்பு, கட்சியொன்று நிறுத்தாத எவரையும் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட விடவில்லை. ஆக, கட்சி வாசல் ஒன்றுதான் வழி. 2022இல் ஆளுங்கட்சியான ஏ.பி.சி. (பெயரில் 'முற்போக்கு' உண்டு!) அந்த வாசலில், எங்கள் உணவகத்தில் ஒட்டுவதுபோல, ஒரு விலைப்பட்டியல் ஒட்டியது. பிரதிநிதிகள் சபைக்கான படிவங்கள் 1 கோடி நைரா. செனற் சபைக்கு 2 கோடி. அப்போது அங்கு குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 நைரா. கோப்பை கழுவும் என்னைப் போன்ற ஒருவன் உண்ணாமல் உடுக்காமல் 27 வருடங்களுக்கு மேல் சேர்த்தால் படிவம் வாங்கலாம். அதுவும் 'என்னை வேட்பாளராகப் போடுங்கள்' என்று கேட்பதற்கு மட்டும்.

பெண்களுக்குக் கட்டணத்தில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தோமே என்பார்கள். செய்தார்கள்தான். 2023இல் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவான 360 பேரில் பெண்கள் 20 பேர்கூட இல்லை. படிவத்துக்கு அப்பால் வாக்களிக்கும் கட்சிப் பேராளர்கள் நிற்கிறார்கள். 2022இல் அவர்களுக்கு டொலர் கைமாறியதாக அந்நாட்டுப் பத்திரிகைகளே எழுதின. பேராளர்களுக்குப் பின்னால் மாநில ஆளுநர்.

'கறுவல்களின்ரை அரசியல் அப்பிடித்தான்' என்று எம்மவர் சிலர் சிரிப்பது காதில் விழுகிறது. தோலில் என்ன இருக்கிறது? அங்கத்தவரின் சந்தாவில் உயிர்வாழாத கட்சி, எந்தக் கண்டத்திலும் பணம் கொண்டுவருபவனுக்கே கதவைத் திறக்கும்.

இதற்கு விலை கொடுப்பவர்கள் வாக்காளர்கள். ஸம்ஃபாரா மாநிலத்தில் ஏ.பி.சி.யின் கோஷ்டிகள் 2018இல் வேட்பாளர் தெரிவில் மோதிக்கொண்டன. 2019இல் மக்கள் அக்கட்சியையே வெல்லவைத்தார்கள். அவ்வாண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம், முறையான உட்கட்சித் தெரிவு நடக்கவில்லையென்று கூறி அக்கட்சிக்கு விழுந்த வாக்குகள் அத்தனையையும் வீணான வாக்குகள் என்றது. ஆளுநர் பதவியும், 3 செனற் ஆசனங்களும், 7 பிரதிநிதிகள் சபை ஆசனங்களும், மாநில சபையும் அடுத்த இடத்தில் வந்தவர்களுக்குப் போயின. சட்டப்படி தீர்ப்பு சரியாயிருக்கலாம். குற்றம் செய்தவர்கள் தலைவர்கள், அபராதம் கட்டியது வரிசையில் நின்ற சனம்.

அந்தச் சண்டையின் நடுவில் நின்ற அன்றைய ஆளுநர் அப்துல்அஸீஸ் யாரி, 2023இல் அதே கட்சியின் வேட்பாளராக நின்று வென்று செனற்றுக்குப் போய்விட்டார்.