கேட்பவருக்கும் கடமை உண்டு

வேலை விண்ணப்பப் படிவங்கள் சிலவற்றில் பெயர், முகவரி, கல்வித் தகுதி ஆகியவற்றுக்குக் கீழே ஒரு சிறு கட்டம் இருக்கும். ‘நீங்கள் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டது உண்டா?’ என்பதே அங்குள்ள கேள்வி. பெரும்பாலோர் அதை ஒரு நொடியில் கடந்துவிடுவர். தீய நட்பால் வழிதவறிச் சிறை சென்று மீண்ட ஓர் இளைஞரின் கை மட்டும் அங்கே நின்றுவிடும். ‘ஆம்’ என்று எழுதினால் நேர்காணலுக்கு அழைக்கமாட்டார்கள் என்ற அச்சம். ‘இல்லை’ என்று எழுதினால் பின்னர் உண்மை வெளிப்பட்டுவிடும் என்ற கலக்கம்.

அவர் பொய் சொல்லலாமா? கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. உண்மை தெரியவரும் நாளில் அவர் வேலையை மட்டுமன்றி, உழைத்துப் பெற்ற நற்பெயரையும் இழப்பார். செய்த குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்து முடித்தவர், சொன்ன பொய்க்காக மீண்டும் தண்டனை பெறுவது வேதனைக்குரியது.

எனினும், உண்மையைச் சொல்லும்படி விண்ணப்பதாரருக்கு மட்டும் அறிவுரை கூறுவது நியாயமாகாது. உண்மை சொன்னவர்களின் படிவங்களை ஒதுக்கிவைக்கும் நிறுவனம், அடுத்து வருபவருக்குப் பொய் சொல்லவே கற்றுக்கொடுக்கிறது.

‘பணத்தையும் பிள்ளைகளையும் நம்பி ஒப்படைக்கிறோம், கேட்காமல் எப்படி இருப்பது?’ என்று முதலாளிகள் வினவலாம். அதில் நியாயம் உண்டு. மோசடிக் குற்றம் புரிந்தவரைக் காசாளராக அமர்த்துமுன் யோசிப்பது இயல்பே. ஆனால், பதினெட்டு வயதில் சண்டையில் ஈடுபட்டுத் தண்டனை பெற்றவர், பல ஆண்டுகள் கழித்துக் கிடங்கில் பொருள்களை அடுக்கும் வேலைக்கு ஏன் தகுதியற்றவர் ஆகிறார்? குற்றத்துக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா, அதற்குப் பிறகு எவ்வளவு காலம் கடந்துள்ளது என்பவற்றை முதலாளி எண்ணிப் பார்க்க வேண்டும்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். சிங்கப்பூர்ப் பொதுச் சேவை 2017ஆம் ஆண்டில் தன் விண்ணப்பப் படிவத்திலிருந்து இக்கேள்வியை நீக்கியது. அடுத்த கட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் மட்டுமே அது கேட்கப்படுகிறது. இதனால், ஒருவரின் திறமை முதலில் கண்ணில் படுகிறது. கடந்த காலம் பிறகே பேசப்படுகிறது.

சட்டமும் இதே நோக்கில் இடம் தருகிறது. சிறிய குற்றத்துக்காக ஒரே முறை தண்டனை பெற்றவர், 5 ஆண்டுகள் குற்றம் புரியாமல் வாழ்ந்து பிற நிபந்தனைகளையும் நிறைவு செய்தால், அவருடைய குற்றப் பதிவு காலாவதியாக 2005ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழிவகுத்தது. அதன்பின், சில விதிவிலக்குகள் தவிர, தமக்குக் குற்றப் பதிவு இல்லை என்று அவர் கூறலாம். அது பொய்யாகாது, சட்டம் அளித்த உரிமையாகும்.

பதிவு காலாவதியாகாதவர் தம் கடந்த காலத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நடந்தது என்ன, அதிலிருந்து கற்றது என்ன, இன்று தம்மால் செய்ய முடிந்தது என்ன என்ற மூன்றையும் அவர் தெளிவாகக் கூற வேண்டும். சிறையில் பெற்ற பயிற்சிச் சான்றிதழும் முன்னாள் மேற்பார்வையாளரின் நற்சான்றும் அவருடைய சொல்லுக்கு வலுச் சேர்க்கும். குடும்பக் கதை முழுவதையும் கூறி இரக்கம் தேட வேண்டியதில்லை.

சிறைக் கதவு திறந்த பிறகும் சமுதாயத்தின் சந்தேகம் இரண்டாவது சிறையாக நிற்கிறது. 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மஞ்சள் ரிப்பன் திட்டம் அதைத் திறக்கவே பாடுபடுகிறது. எல்லாக் கதவுகளும் அடைபட்டால், திருந்த நினைப்பவரும் பழைய கூட்டத்தையே நாடிச் செல்வார். உண்மையைச் சொல்லத் துணிவு வேண்டும். அதைக் கேட்டபின் நியாயமாக முடிவெடுக்கவும் துணிவு வேண்டும். முன்னதை விண்ணப்பதாரரிடம் எதிர்பார்க்கும் சமுதாயம், பின்னதை முதலாளிகளிடமும் எதிர்பார்க்க வேண்டும்.